நான் சொல்லும் வரைக்கும்

காதுக்காரி வந்த பிறகுதான் என் தொண்டை சரியானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இவள் பழைய காலத்து டீச்சர், புதிதாக எது வந்தாலும் குறை சொல்லுவாள் என்று நினைத்துவிடுவீர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், கோகிலவாணி. தாராபுரம் பக்கம் போய்க் கணக்கு டீச்சர் என்று கேட்டால் என் வீட்டைக் கைகாட்டுவார்கள். கத்திக் கத்திச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச்சே வராது. பால்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் அரை லிட்டர் கேட்பேன்.

அரசாணையில் அதற்குக் கற்றல் துணை என்று பெயர். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடம் சொல்லும். பிள்ளை உதட்டை அசைத்தாலே பதில் என்னவென்று புரிந்துகொள்ளும். எங்கே தடுமாறுகிறது, எங்கே புரிந்த மாதிரி சும்மா தலையாட்டுகிறது என்பதையெல்லாம் தோலில் ஓடும் துடிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடும். பெண்குரலில் பேசுவதால் பிள்ளைகள் அதற்குக் காதுக்காரி என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டுப் பாடம் ஒரே நேரத்தில் நடக்கும். வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நல்லது செய்யவில்லையா என்றால், செய்தது. சுபஸ்ரீ என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு முடிகிற வரைக்கும் கழித்தல் கணக்கே ஒழுங்காக வராது. இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்கள் பதிவேட்டில் மெல்லக் கற்பவர் என்று மரியாதையாக எழுதுவோம், வகுப்பில் மக்கு என்போம். நானே அவளை அப்படிச் சொல்லியிருக்கிறேன். காதுக்காரி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரே கணக்கை நாற்பது தடவை சொல்லிக்கொடுத்தாள். நாற்பதாவது தடவையும் குரலில் அலுப்பு இல்லை. தீபாவளிக்கு முன்னால் சுபஸ்ரீ பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். ஐயோ, நான் அன்றைக்கு எவ்வளவு வெட்கப்பட்டேன் தெரியுமா! நான் இரண்டு வருஷத்தில் செய்ய முடியாததை அந்தப் புளியங்கொட்டை நான்கு மாதத்தில் செய்துவிட்டது.

எனக்கு வேலை என்னவென்றால், காலையில் பெட்டியைத் திறந்து கருவிகளை எடுத்துக்கொடுப்பது, சாயங்காலம் வாங்கிச் சார்ஜில் போடுவது. வருகைப் பதிவைக்கூட அதுவே எடுத்துக்கொண்டது. மேஜையில் டேப் என்கிற தொடுதிரை ஒன்று இருக்கும். அதில் பிள்ளைகளின் பெயரும், யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்ற எண்ணும் ஓடும். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சம்பளம் குறையவில்லை, தொண்டை வலி போய்விட்டது, வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம், கருவிகள் வந்திறங்கிய மறுநாள், தலைமையாசிரியர் நாச்சிமுத்து சார் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க" என்றார். சாத்தினேன்.

"முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில நிக்குதுன்னு அது அளக்கும். பிப்ரவரில மறுபடி அளக்கும். நடுவுல எத்தன படி ஏறுச்சோ, அதுதான் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு. ஏறலீன்னா நம்மளக் கொண்டுபோயி டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்தீருவாங்க."

"நம்ம பிள்ளைங்க நல்லாத்தானுங்க சார் செய்யும்?"

"அதுதானே பயமே! ஏற்கெனவே மேல நிக்கற பிள்ளை இன்னும் எங்க ஏறும்? உங்க கனிஷ்கா இப்பவே பத்தாங்கிளாஸ் கணக்கப் போடுது. பிப்ரவரிலயும் அதையேதான் போடும். வளர்ச்சி சைபர்னு வந்துரும். கீழ இருந்து தொடங்கோணும் டீச்சர். பிள்ளைங்ககிட்டச் சொல்லுங்க."

நான் மறுத்துப் பேசவில்லை. பேசவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் படிக்கிற பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைப்பதும், கேட்கப்போகும் கேள்வியை முந்தின நாளே சொல்லிக்கொடுப்பதும், தேறாத பிள்ளைகளை அன்றைக்கு வரவேண்டாம் என்பதும் நாங்கள் காலங்காலமாகச் செய்கிறதுதான். இந்தத் தடவை தலைகீழாகச் செய்யவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பள்ளியை மூடினால் இரண்டு பஸ் மாறி டவுனுக்கு எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். பாதிப் பேர் நூல் மில்லுக்குப் போய்விடுவார்கள். அது பொய்யில்லை. எனக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது.

வகுப்பில் சொன்னேன். "இந்த வாரம் பூரா தெரிஞ்ச கணக்கையும் தப்பாப் போடுங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்காக. வெளிய மூச்சு விடக்கூடாது." பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தப்பாகப் போடு என்று எந்த டீச்சர் சொல்லியிருக்கிறாள்!

கனிஷ்காவை மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். இந்தப் பெண்ணைப் பற்றி எப்படிச் சொல்வது? ஏழாம் வகுப்பில் ஒருநாள் நாற்பத்தெட்டை ஐம்பத்திரண்டால் பெருக்கச் சொல்லிப் பலகையில் எழுதினேன். நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் ரெண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு என்றாள். எப்படிடி என்றேன். "அம்பதுல இருந்து ரெண்டு அந்தப் பக்கம், ரெண்டு இந்தப் பக்கம். அதனால ரெண்டாயிரத்து ஐநூறுல நாலு கம்மிங் மிஸ்" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு பிள்ளை எனக்கு வந்ததில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டாவதாக ஒரு வழி கொண்டுவருவாள். அம்மா சரஸ்வதி மில்லில் நூல் சுற்றுகிறவர். அப்பா இல்லை.

"கண்ணு, மத்தவங்களவிட நீதான் முக்கியம்" என்றேன். "நீ மேல நின்னா வகுப்பே மேல நிக்கற மாதிரி காட்டும். தப்புப் பண்றது தெரியாத மாதிரி தப்புப் பண்ணோணும். செய்வியா?"

"எத்தன நாளைக்குங் மிஸ்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சரிங் மிஸ்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தனியாகக் கூப்பிட்டுப் பொறுப்புக் கொடுத்துவிட்டேன் அல்லவா, அந்தப் பெருமை.

வெள்ளிக்கிழமை அளவெடுப்பு முடிந்தது. கடைசி மணியில் வகுப்புக்கு வந்து, "நாடகம் முடிஞ்சுது. திங்கக்கிழமையில இருந்து அவங்கவங்க ஒழுங்காப் பதில் சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ஜூலையில் எல்லாருடைய எண்ணும் ஏறத் தொடங்கியது. நாச்சிமுத்து சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கனிஷ்காவின் எண் மட்டும் மூன்றாம் படியிலேயே நின்றது. மூன்றாம் படி என்றால் மூன்றாம் வகுப்புப் பாடம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கருவியின் மேல். முதலில் தப்பாக எடைபோட்டுவிட்டு இப்போது மாற்றிக்கொள்ள மறுக்கிறது, இந்தப் பிள்ளை யாரென்று அதற்கு என்ன தெரியும் என்று ஆசிரியர் அறையில் கத்தினேன். ஒருநாள் வராந்தாவில் அவளைப் பார்த்து, "எப்படிப் போவுது கண்ணு?" என்று கேட்டேன்.

"நல்லாப் போவுதுங் மிஸ்" என்று ஒரு மாதிரி சிரித்தாள். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று இருக்கிற மாதிரி. நான் அவசரத்தில் இருந்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

எண்ணைத் திருத்த வேண்டுமானால் மனுப் போடவேண்டும். அளவெடுப்பில் பிழை, காரணம் இன்னது என்று எழுத வேண்டும். எழுதினால் வகுப்பு முழுவதையும் மறுபடி அளப்பார்கள், ஏறினதெல்லாம் போய்விடும். சுபஸ்ரீயின் ஏற்றம் நிஜம். அதையும் சந்தேகப்படுவார்கள். அடுத்த வாரம் எழுதலாம், பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பயந்தேன் என்று சொல்வதுதான் சரி.

டிசம்பரில் ஒருநாள் டேப்பை வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டுபோய், அவள் பெயரைத் தொட்டு, அவள் காதில் என்னதான் ஓடுகிறது என்று கேட்டேன். அப்படிக் கேட்கலாம் என்பது எனக்கு ஜூன் மாதமே தெரியும். டிசம்பர் வரைக்கும் கேட்கவில்லை.

"இருபத்தி நாலை மூணு பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு? அவசரமே இல்ல தங்கம், நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றது காதுக்காரி. என் அம்மாகூட என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

நேரம் ஓடியது. நான் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கனிஷ்கா விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு" என்றாள்.

"அடடே, ரொம்பக் கிட்ட வந்துட்டியே! வா, எண்ணற பாசிமணிய அடுக்கிப் பார்ப்போம்."

அன்றைக்குச் சாயங்காலமே மனுவை எழுதினேன். நாச்சிமுத்து சாரிடம் காட்டவில்லை. பிள்ளைகளை நான்தான் பொய் சொல்லச் சொன்னேன் என்று ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரில் எடுத்துக்கொண்டு மாவட்டத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன்.

அங்கே நளாயினி என்று ஒரு ஒருங்கிணைப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். மனுவைப் படித்துவிட்டு அப்படியே மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"இது எங்களுக்கு முதல் நாளே தெரியும் மேடம்."

"எது?"

"பிள்ளைங்க நடிச்சது. தெரிஞ்ச பதில மறைக்கும்போது துடிப்பு வேற மாதிரி இருக்கும். கருவி முதல் நாள் காலையிலயே காட்டிருச்சு. உங்க பள்ளிக்கூடம் மட்டும்னு நெனச்சீங்களா? முக்கால்வாசிப் பள்ளிக்கூடத்துல இதேதான்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"எங்களுக்கும் மேல வளர்ச்சியத்தானே காட்டணும்? அளவுலயே பொய்னு சொன்னா திட்டமே நின்னுடும். தவிர, பிள்ளைங்க எத்தனை நாளைக்கு நடிக்கும்? ஒரு வாரம், ரெண்டு வாரம். சலிச்சுப்போயி உண்மையான பதிலச் சொல்ல ஆரம்பிச்சதும் கருவி தானா மேல ஏத்திடும். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் ஏறுச்சு."

"கனிஷ்காவ ஏன் ஏத்தல? அந்தக் கருவி கெட்டுப்போச்சுங்க. ஏழு மாசமாக் குழந்தையக் கீழயே போட்டு வச்சிருக்குது!" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தன் திரையில் எதையோ தேடினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கருவி கெட்டுப்போகல மேடம். அந்தப் பொண்ணு நடிக்கிறத நிறுத்தவே இல்ல. ஜூன், ஜூலை, ஆகஸ்டு... தினமும் நடிச்சிருக்கு. நீங்க அதுகிட்ட நிறுத்தச் சொல்லலையா?"

எல்லாரிடமும் சொன்னேனே என்று மட்டும் முனகினேன். பிறகு ஒரு நப்பாசையோடு, "அப்ப இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்கறாளா? அப்படீன்னா இப்பவே போயி நிறுத்தச் சொன்னாச் சரியாயிருமில்லீங்க?" என்றேன்.

நளாயினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செப்டம்பர் பாதி வரைக்கும்தான் நடிப்பு. அதுக்கப்புறம் நடிப்புக்கான அடையாளமே இல்ல. இப்ப அந்தப் பொண்ணு சொல்ற தப்பு நிஜமான தப்பு."

"அதெப்படி? அவ்வளவு அறிவும் எங்க போகும்?"

"அறிவு எங்கயும் போயிருக்காது. தனக்குத் தெரியும்ங்கிற நம்பிக்கை போயிருச்சு மேடம். தினமும் ஆறு மணி நேரம், உனக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லன்னு அன்பா ஒரு குரல் காதுல சொல்லிக்கிட்டே இருந்தா, பதிமூணு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? நம்பிடும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "வேணும்னா போன வருஷ மார்க்க வச்சு மேல் படிக்கு மாத்திக் கொடுக்கறேன். என் பொறுப்புல செய்யறேன். மனுவ எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் கனிஷ்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். ஏழு மாதத்தில் நான் அவளிடம் உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல் தடவை.

"அந்த வெள்ளிக்கிழமை நான் லீவுங் மிஸ். காங்கேயத்துல சித்தி பாப்பாவுக்குக் காதுகுத்து" என்றாள்.

முன்பெல்லாம் நான் பேர் கூப்பிடுவேன். ஒரு குரல் வராவிட்டால் தலை தானாக நிமிரும். இப்போது அந்த வேலை என்னிடம் இல்லை, பெட்டியில் ஒரு கருவி மிஞ்சியதைக்கூடக் கவனிக்கவில்லை, அவள் இல்லாததே எனக்குத் தெரியவில்லை.

"சுபஸ்ரீகூட உனக்குச் சொல்லலியா, நாடகம் முடிஞ்சுதுன்னு?"

"சொன்னாளுங் மிஸ். அது மத்தவங்களுக்கு. எங்கிட்டத்தான் நீங்க தனியாச் சொன்னீங்களே. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தனுங்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்புறம் மறந்துட்டனுங்."

"இப்பச் சொல்றேன் கண்ணு. போதும். நிறுத்திரு."

"எத நிறுத்தறதுங் மிஸ்?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஜனவரியில் நளாயினி சொன்னபடி படியை மாற்றிக் கொடுத்தார். கனிஷ்காவின் காதில் எட்டாம் வகுப்புப் பாடமும் அதற்கு மேலும் ஓடத் தொடங்கியது. நான் தினமும் மதியம் சோற்றுப் பாத்திரத்தோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான்தான் தப்புச் செய்தேன், நீ கெட்டிக்காரி, உனக்கு எல்லாம் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "சும்மா சொல்றீங்க மிஸ்" என்பாள். நாற்பத்தெட்டையும் ஐம்பத்திரண்டையும் எழுதிக் காட்டினேன். நீதான் எனக்கு இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாய் என்றேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இரண்டாவது வாரம் காலைச் சாப்பாட்டை வாந்தி எடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. "பழைய காதுக்காரியவே குடுத்திருங்க மிஸ். இவ பேசறது ஒண்ணும் புரியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

அறிவு எங்கேயும் போகாது என்றுதானே சொன்னார் நளாயினி. கூடவே உட்கார்ந்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தால் திரும்பி வந்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் பிப்ரவரி முதல் வாரத்தில் அவள் அம்மா வந்துவிட்டார்.

சரஸ்வதி மில் சீருடையிலேயே வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் ஒரு படிவம். படியைப் பழையபடி இறக்குவதற்கு அலுவலகத்தில் கொடுத்தது. இந்த மாணவி இயல்பிலேயே மெல்லக் கற்பவர் என்று அச்சடித்த ஒரு வரி, கீழே பெற்றோர் கையெழுத்து, வகுப்பாசிரியர் கையெழுத்து. அந்த வரி பதிவேட்டில் ஏறிவிட்டால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அறிவியல் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தன் கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தார்.

"ராத்திரியெல்லாம் தூக்கத்துல பொலம்பறாளுங் மிஸ். சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். "எங்க வம்சத்துல ஆருக்கும் படிப்பு ஏறலீங். இவ ஒருத்தி நல்லாப் படிக்கறான்னு நாந்தான் பேராசப்பட்டுட்டேன். சின்னதுல ஏதோ கொஞ்சம் வெளையாட்டாக் கணக்குப் போட்டாளாட்டம் இருக்குது."

"அப்படியில்லீங்கம்மா..." என்றேன்.

"நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன். இல்லீன்னா வேண்டாமுங். திங்கக்கிழமையில இருந்து எங்கூட மில்லுக்கே வரட்டும். பிள்ளை உசுரோட இருந்தாப் போதுமுங் மிஸ்."

அப்போது சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் விளையாட்டாகப் போடவில்லை, இந்த ஊரில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததில்லை, அவளைக் கெடுத்தவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கனிஷ்கா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் போட்டுவிடமாட்டாங்களா என்ற தவிப்பு அந்த முகத்தில். கணக்கைப் பார்க்கும்போது முன்பு அந்தக் கண்ணில் இருந்த பளிச்சென்ற வெளிச்சம் எங்கேயும் இல்லை. மில்லா, இந்தக் கையெழுத்தா என்று யோசித்தேன். ஒரு பக்கம் போனால் நூல், இன்னொரு பக்கம் போனால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாசிமணி எண்ணுவது. பள்ளியிலாவது என் கண் முன்னால் இருப்பாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டேன்.

சரஸ்வதி படிவத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கோணும் மிஸ். மதியச் சோத்தக்கூட இவ பக்கத்துல உக்காந்து தின்னு பாத்துக்கறீங்களாமா, சொன்னா. எந்த டீச்சரு இவ்வளவு செய்வாங்க?" என்றவர், மகளின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "மிஸ் கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ கண்ணு."

அவள் விழுந்தாள். நான் காலை நகர்த்தவில்லை. நகர்த்தினால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.